சென்னை நகரமைப்பாளர் ஊதியமும் வாழ்க்கைச் செலவும்

சென்னையில் நிலப் பயன்பாட்டை வகுப்பது, முழுமைத் திட்டம் தயாரிப்பது, கட்டடத் திட்ட அனுமதிகளைப் பரிசீலிப்பது ஆகிய பணிகளைச் செய்யும் தொழில்நுட்ப அலுவலர்கள் நகரமைப்பாளர்கள். அரசுப் பணியில் இருப்போர் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திலும் (சிஎம்டிஏ) நகர் ஊரமைப்பு இயக்ககத்திலும் உள்ளனர். இவர்களின் ஊதியம் குறைவு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. சிக்கல் வீட்டு வாடகைப்படியில் இருக்கிறது.

நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் நேரடியாகத் தேர்வாகும் உதவி இயக்குநர் ஒருவரின் தொடக்க அடிப்படை ஊதியம் 56,000 ரூபாயைச் சற்றே தாண்டும். 56,100 என்று கொண்டால், 2025 ஜூலை நிலவரப்படி 58% அகவிலைப்படி சேர்ந்து ஏறத்தாழ 88,600 ரூபாய். இதில் 10% ஓய்வூதியப் பங்களிப்பாகப் போய்விடும்.

அகவிலைப்படி விலைவாசிக் குறியீட்டைப் பின்தொடர்ந்து ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. ஆனால் அது அகில இந்திய சராசரி. பெரம்பூரிலோ வேளச்சேரியிலோ வாடகை ஏறியது அதில் தனியாகத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வீட்டு வாடகைப்படி. தமிழக அரசு 2017 ஊதியத் திருத்தத்தில் அதை விழுக்காடாக வைக்காமல் நிலையான தொகையாக வைத்தது. சென்னைக்கு உச்சமே 8,300 ரூபாய். அதே அடிப்படை ஊதியத்தில் அதே ஊரில் இருக்கும் மத்திய அரசு அலுவலருக்கு 30%, அதாவது 16,830 ரூபாய்.

வாடகை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உச்சத் தொகையான 8,300 முழுதாகக் கிடைத்தாலும் மீதியைச் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் அட்வான்ஸ் நிற்கிறது: சென்னை வழக்கப்படி பத்து மாதம் என்றால் இரண்டரை லட்சம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொல்கிறது. ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்’ என்ற விலக்கோடு. அந்த விலக்குப் போதும், வீட்டுக்காரர் கேட்டதே அட்வான்ஸ்.

சிஎம்டிஏ அலுவலகம் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிறது. தாம்பரத்துக்கு அப்பால் வாடகைக்கு இருந்தாலும் மின்சார ரயிலில் நேரே வந்து இறங்கலாம். வாடகையில் மிச்சமாவது பயண நேரமாகக் கழியும்.

தனியார் ஆலோசனை நிறுவனங்களிலும் திட்டப் பிரிவுகளிலும் தொகுப்பூதியத்தில் சேர்வோருக்கு இந்தப் படிகள் தனித்தனியாக இருப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஆகவே அரசுப் பணிக்குத் தேர்வு எழுதிக் காத்திருப்பவர்கள் குறைவதில்லை. இத்தனைக்கும், நாடு முழுவதும் மாநிலத் திட்டமிடல் துறைகளில் அனுமதிக்கப்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்களே 3,945-தான் என்றும், அவற்றில் 42% காலியாகக் கிடந்தன என்றும் நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கணக்கிட்டது.