டியூரானா, செலரானா? ஒரு வரலாற்று வாத்தியாரின் பழைய பாக்கி



போன வாரம் பூந்தமல்லியிலிருந்து என் தங்கை மகள் போன் செய்தாள். பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, லேப்டாப் வாங்க வேண்டும். "மாமா, கடையில ரெண்டு காட்டுறாங்க. ஒண்ணு இன்டெல், ஒண்ணு ரைசன். ரைசன்ல விலையும் குறைச்சல், ரேமும் ஜாஸ்தி. ஆனா ஏ.எம்.டி. சூடாகும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்களே, எதை வாங்கட்டும்?"

அந்தச் "சூடாகும்" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அதே சொல்லை நானே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாக்கி இன்னும் தீரவில்லை. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு. பயப்படாதீர்கள், கடைசியில் கேள்வி கேட்க மாட்டேன்.

இன்டெல் 1968-இல் தொடங்கியது, ஏ.எம்.டி. 1969-இல். இரண்டையும் தொடங்கியவர்கள் ஃபேர்சைல்டு என்ற ஒரே கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள். நம் பாஷையில் சொன்னால் பங்காளிகள். 1981-இல் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது உள்ளே இருந்தது இன்டெலின் 8088 சிப். ஆனால் ஐ.பி.எம். ஒரு நிபந்தனை போட்டது: இந்தச் சிப்பைச் செய்துதர இன்னொரு கம்பெனியும் இருக்க வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய கம்பெனி ஒரு பாகத்தை ஒரே பட்டறையிடம் மட்டும் வாங்கினால், அந்தப் பட்டறையில் ஒரு நாள் வேலை நின்றாலும் இங்கே லைன் நின்றுவிடும். விலையும் அவர்கள் சொன்னதுதான். அதே கணக்குத்தான் ஐ.பி.எம்.முக்கும். 1982-இல் இன்டெல் ஏ.எம்.டி.யோடு ஒப்பந்தம் போட்டு அந்த வகைச் சிப்பைச் செய்யும் உரிமையைக் கொடுத்தது.

1985-இல் 386 சிப் வந்ததும் இன்டெல் கதவைச் சாத்திவிட்டது. வழக்கு பல வருடம் இழுத்தது. ஏ.எம்.டி. காத்திருக்காமல் 1991-இல் தானே ஒரு 386-ஐச் செய்தது. இன்டெலின் 386 33 மெகாஹெர்ட்ஸில் நின்றபோது இவர்களுடையது 40 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. வெறும் எண்ணுக்கு வணிகச் சின்ன உரிமை கிடைக்காது என்று தெரிந்துகொண்ட இன்டெல், 1993-இல் அடுத்த சிப்புக்கு 586 என்று வைக்காமல் "பென்டியம்" என்று பெயர் வைத்தது. அன்றிலிருந்து நாமெல்லாம் சிப்பை விட்டுவிட்டுப் பெயரை வாங்க ஆரம்பித்தோம்.

1997-இல் ஏ.எம்.டி.யின் கே6 வந்தது. பென்டியம் போட்ட அதே வகை மதர்போர்டில் உட்காரும், விலையும் குறைவு. சைரிக்ஸ் என்ற மூன்றாவது கம்பெனியும் மலிவு விலைச் சந்தையில் இருந்தது. இவர்களுக்குப் பதிலாகத்தான் 1998 ஏப்ரலில் இன்டெல் செலரானைக் கொண்டுவந்தது. முதல் செலரானில் இரண்டாம் நிலை (எல்2) கேச் நினைவகம் கிடையாது, பெயர் கெட்டது. நான்கே மாதத்தில் 128 கே.பி. கேச்சோடு புதிய செலரானை இறக்கினார்கள். 2000 ஜூனில் ஏ.எம்.டி. தன் மலிவு விலைச் சிப்பான டியூரானை வெளியிட்டது.

இனி என் கதை. 2000 செப்டம்பர். ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். மகன் என் மாணவன், அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவும் மகனும் ரயிலில் சென்ட்ரல் போய், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, இரண்டு கொட்டேஷன் வாங்கி வந்திருந்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு வாங்கப் போகிற கம்ப்யூட்டர். ஒன்றில் செலரான், 64 எம்.பி. ரேம். இன்னொன்றில் டியூரான், 128 எம்.பி. ரேம். மொத்த விலை ஏறக்குறைய ஒன்றுதான். பையனுக்கு டியூரான் மேல் ஆசை. அப்பாவுக்குப் பயம். "சார், நீங்க சொன்னா சரி" என்றார்.

எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி என்ன தெரியும்? டிவி விளம்பரத்தில் வரும் இன்டெல் இசை தெரியும். ஸ்டாஃப் ரூமில் யாரோ சொன்னது ஞாபகம் இருந்தது. "ஏ.எம்.டி. சூடாகும்பா. நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்காது. தெரிஞ்ச பேரையே வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். பையன் ஒன்றும் பேசவில்லை. வாத்தியார் சொன்னால் அப்பீல் ஏது?

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். நல்ல வேலையில் இருந்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "சார், ப்ரோகிராமை ஓட விட்டா ராத்திரி பூரா ஹார்ட் டிஸ்க் கரகரன்னு அரைச்சிக்கிட்டே இருக்கும். ரேம் பத்தல. அப்பா அந்த தீபாவளி போனஸ்ல இன்னொரு ரேம் வாங்கிக் கொடுத்தாரு. அந்த வருஷம் வீட்ல யாருக்கும் புதுத்துணி இல்ல."

அவன் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். அந்த நேரத்துச் செலரான்கள் நினைவகத்தோடு பேசும் பாதை 66 மெகாஹெர்ட்ஸ்தான். டியூரானின் பாதை அதைவிட வேகமானது. ஒரே வேகத்தில் ஓடினாலும் பெரும்பாலான வேலைகளில் டியூரானே முந்தியது. சூட்டுப் புகாரில் கொஞ்சம் உண்மை உண்டு. மேலே இருக்கும் ஃபேன் நின்றுபோனால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அன்றைய டியூரானில் இல்லை. ஆனால் ஃபேனைச் சரியாக மாட்டித் தூசி தட்டி வைத்திருந்தால் பயம் இல்லை. 2004-இல் சூட்டுக்குப் பெயர் வாங்கிய சிப் எது தெரியுமா? இன்டெலின் புதிய பென்டியம் 4. சிப்புகள் மாறிக்கொண்டே இருந்தன, "சூடாகும்" என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. ஏ.எம்.டி. வாங்காதவர்களுக்கும் ஏ.எம்.டி.யால் லாபம். 2011-க்குப் பிறகு சில வருடம் அந்தக் கம்பெனி தளர்ந்து கிடந்தது. அந்தக் காலமெல்லாம் இன்டெலின் ஐ3 டெஸ்க்டாப் சிப்பில் இரண்டே கோர்தான். 2017 மார்ச்சில் ரைசன் வந்தது. அதே வருடம் அக்டோபரில் ஐ3-க்கு நான்கு கோர் கிடைத்தது. ஐ.பி.எம். 1981-இல் கேட்ட "இன்னொரு பட்டறை" இன்றைக்கும் நமக்காக வேலை செய்கிறது.

தங்கை மகளிடம் இதைத்தான் சொன்னேன். "பெயரைப் பார்க்காதே. பையன் என்ன வேலை செய்யப் போகிறான் என்று அவனையே கேள். ரேம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. இருக்கிறதா, பின்னால் ரேம் கூட்ட முடியுமா, சர்வீஸ் பக்கத்தில் கிடைக்குமா என்று பார். சிப் எந்த வருடத்தது என்று கேள். இரண்டு கம்பெனியிலுமே புது எண்ணை ஒட்டிக்கொண்டு பழைய சரக்கு வரும்." பையன் ரைசனைத் தேர்ந்தெடுத்தான். சரி என்றேன்.

ஆவடிக்காரர் இப்போது இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பைத் தவறவிட்டேன். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்று எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தப்பு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார், அம்பத்தூர்