திராட்சை நாட்டின் இரு கோட்டைகள்

கோட்டை என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே நம் மனக்கண் முன் தோன்றுவன அகழியும் மதிலும், அரசனும் படையுமே. அதனைக் கட்டியவர் யாவர் என வினவினால் மன்னனின் பெயரைச் சொல்வாரன்றிக் கல் சுமந்தவனின் பெயரைச் சொல்வார் இலர். பழங்கோட்டைகளைக் காணச் செல்வோரிற் பெரும்பாலார் மதிலின் உயரத்தையும் மண்டபத்தின் அழகையும் வியந்து மீளுகின்றனர். அங்கே வாழ்ந்தவன் உலகிற்குச் செய்தது யாது எனக் கேட்டு மீளுவோர் ஒரு சிலரே. அக்கேள்வியை முன்வைத்து, பிரான்சின் தென்மேற்கிலே போர்டோ நகரைச் சூழ்ந்துள்ள திராட்சை நாட்டின் இரண்டு கோட்டைகளைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றோம். அந்நாட்டு மதுவின் புகழ் பாடுதல் எம் கருத்தன்று. கள்ளினாற் கெட்ட குடிகளை ரப்பர்த் தோட்டங்களில் நிரம்பக் கண்ட சமூகம் நம்முடையது.

'ஷாத்தோ' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கோட்டை, மாளிகை என்பன பொருள். போர்டோவிலோ, திராட்சை பயிரிட்டு மது வடிப்போர் தம் பண்ணைக்கும் அப்பெயரையே சூட்டுவர். ஆதலின் புட்டியின் மேல் 'ஷாத்தோ' என எழுதப்பட்ட இடமெல்லாம் கோட்டை அன்று. வெறும் பண்ணை வீடுகளும் அவற்றுள் உண்டு. ஆயினும் மெய்யான கோட்டைகளுக்கும் அந்நாட்டிற் குறைவில்லை. 1152 இல் அக்கித்தேன் நாட்டின் உரிமையாட்டி எலியனோர், ஹென்றி என்பவனை மணந்தாள். அவன் 1154 இல் இங்கிலாந்தின் அரசனானான். அதன் பயனாக ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அந்நிலம் ஆங்கில மன்னரைச் சார்ந்து நின்றது. அதன் மதுவும் கப்பல் கப்பலாக இங்கிலாந்து சென்றது. 1453 இல் தோர்தோஞ் ஆற்றின் அருகே காஸ்திலோன் என்னுமிடத்தில் ஆங்கிலப் படை தோற்றதோடு நூற்றாண்டுப் போர் ஓய்ந்தது.

போர் ஓய்ந்ததே தவிரக் குடியானவனின் துயர் ஓயவில்லை. அவன் தன் திராட்சையைப் பிரபுவின் ஆலையிலே பிழிந்து கட்டணம் செலுத்த வேண்டும்; பிரபு தன் மதுவை விற்பதற்கெனக் குறித்த காலத்தில் அவன் தன் மதுவை விற்றலாகாது. பிரான்சின் பல பகுதிகளிலும் பிரபுக்களுக்கு இத்தகைய உரிமைகள் இருந்தன. 1789 ஆகஸ்டு 4 ஆம் நாள் இரவிலேதான் தேசிய சபை இம்முறையின் வேரிற் கோடரி வைத்தது.

இத்தகைய நாட்டிலே, பிறப்பின் செருக்கைத் தம் பிள்ளைகளிடம் முளையிலேயே கிள்ளியெறிய முயன்ற பெற்றோரும் இருந்தனர் என்பதுதான் வியப்பு.

காஸ்திலோன் போர்க்களத்திற்குச் சில கல் தொலைவிலே நிற்பது மாண்டேன் கோட்டை. 1477 இல் அதனை விலைக்கு வாங்கியவர் வாளேந்திய வீரர் அல்லர். மதுவும் உப்புமீனும் விற்றுப் பொருளீட்டிய ரமோன் எய்க்கெம் என்னும் போர்டோ வணிகர். தொன்றுதொட்டு வந்த உயர்குலம் என மார்தட்டிய குடும்பங்களுள், இவ்வாறு பணப்பெட்டியிலே பிறந்தவையும் பல. ரமோனின் கொள்ளுப்பேரர் மிஷேல் தெ மாண்டேன் 1533 இல் இக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் அக்குழந்தைக்கு ஞானப் பெற்றோராக நிற்கப் பிரபுக்களை அழைக்கவில்லை. மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள ஏழைகளையே அழைத்தார். பால் குடிக்கவும் அதனை ஓர் ஏழைச் சிற்றூருக்கே அனுப்பினார். தமக்கு உதவி வேண்டி நிற்கும் மக்களோடு மகன் பிணைப்புற வேண்டும் என்பதே அவர் நோக்கம். இதனை மாண்டேனே தம் நூலில் நன்றியுடன் குறித்துள்ளார்.

1571 இல் அவர் நீதிமன்றப் பதவியினின்று விலகி, கோட்டையின் மூலையிலிருந்த வட்டக் கோபுரத்திற் புகுந்தார். கீழ்த்தளத்திற் சிறு கோயில், நடுவிற் படுக்கையறை, மேலே நூல்நிலையம். அதன் கூரை உத்தரங்களில் கிரேக்க, இலத்தீன் மொழிகளிலே முதுமொழிகளை எழுதுவித்தார். வெளியிலோ கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டாரும் கடவுளின் பெயரால் ஒருவரை ஒருவர் வெட்டி மடிந்தனர். 1572 இல் பாரிசில் தொடங்கிய புனித பார்த்தலோமியு நாட்கொலை போர்டோ வரை பரவியது. அயலார் தம் மனைகளை அரண் செய்துகொண்ட அந்நாளிலும் மாண்டேன் தம் வாயிலுக்குப் படைக்காவல் வைக்கவில்லை. 1580 இல் வெளிவந்த அவருடைய 'கட்டுரைகள்' தம் கொள்கையே மெய்யென்று பிறரைக் கொல்லும் மனிதனின் அறிவு எத்துணை அற்பமானது என்பதை விளக்கின. பிரேசிலிலிருந்து ரூவான் நகருக்கு வந்த பழங்குடியினர் சிலரின் பேச்சையும் அவர் அந்நூலிற் குறித்துள்ளார். வயிறு புடைக்க உண்போரின் வாயிலிலே பசித்தோர் பொறுமையாக இரந்து நிற்பது அவர்களுக்கு விளங்காப் புதிராக இருந்ததாம். நாகரிகம் உடையவர் யார் என்ற கேள்வியை ஐரோப்பா தன்னையே கேட்டுக்கொள்ளும்படி செய்தவர் அவர்.

அந்நூலை 1676 இல் ரோமாபுரியின் திருச்சபை தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலிற் சேர்த்தது. 1885 இல் கோட்டை தீக்கிரையாயிற்று. பின்னர் எழுப்பப்பட்ட மாளிகையே இன்று நிற்பது. ஆனால் கோபுரம் மட்டும் தீக்குத் தப்பியது. உத்தரங்களில் எழுதிய மொழிகளைக் காண்போர் இன்றும் அண்ணாந்து படிக்கின்றனர்.

இனிப் போர்டோவிற்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் லா பிரேத் கோட்டையை அடையலாம். 14 ஆம் நூற்றாண்டில் எழுந்த இக்கோட்டை, ஏரிபோல் அகன்ற அகழியின் நடுவிலே நிற்கின்றது. 1689 இல் இங்கே பிறந்தவர் மாண்டெஸ்கியூ. அவருக்கும் ஞானத் தந்தையாக நின்றவன் அவ்வூர்ப் பிச்சைக்காரன் ஒருவனே. ஏழைகள் தன் உடன்பிறந்தார் என்பதைப் பிள்ளை வாழ்நாள் முழுதும் மறவாதிருத்தல் வேண்டும் என்பதே பெற்றோரின் கருத்து. கோட்டைகள் வேறு, தந்தையர் வேறு, இடையிலே 156 ஆண்டுகள். ஆயினும் எண்ணம் ஒன்றே.

மாண்டெஸ்கியூ போர்டோ நீதிமன்றத்தின் உயர்பதவியைத் தம் பெரிய தந்தையாரிடமிருந்து மரபுரிமையாகப் பெற்று, 1726 இல் விற்றுவிட்டார். நீதிபதியின் ஆசனமும் அக்காலத்திற் சந்தைச் சரக்காகவே இருந்தது! அவர் திராட்சை பயிரிட்டு ஆங்கிலேயருக்கு மது விற்றவர். போர்டோ நாட்டிற் புதிய திராட்சைத் தோட்டங்கள் கூடா என 1725 இல் அரசாங்கம் தடை விதித்தபோது, அதனை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். ஆயினும் அவருடைய மெய்யான விளைச்சல் 1748 இல் வெளிவந்த 'சட்டங்களின் சாரம்' என்னும் நூலே. சட்டம் இயற்றுவோரும் ஆட்சி நடத்துவோரும் நீதி வழங்குவோரும் ஒருவராகவே இருப்பின் மக்களுக்கு விடுதலை இல்லை என்று அந்நூல் காட்டியது. 1787 இல் வகுக்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு அக்கருத்தின் மீதே கட்டப்பட்டது. ரோமாபுரி 1751 இல் இந்நூலையும் தடைசெய்தது.

அந்நூலின் ஓர் அதிகாரத்தை நாம் தனித்துப் போற்ற வேண்டும். ஆப்பிரிக்கரை அடிமையாக்குவோர் கூறிய காரணங்களை அவர்களே பேசுவதுபோல் அடுக்கி, அவற்றின் கொடுமையும் மடமையும் தாமே வெளிப்படும்படி மாண்டெஸ்கியூ நகையாடினார். அடிமைகள் இல்லையேல் சர்க்கரை விலை ஏறிவிடும் என்பது அக்காரணங்களுள் ஒன்று.

ஆயினும் பெரியோரையும் குருட்டுத்தனமாக வழிபடுதல் நமக்கு அடாது. வெப்ப நாடுகளின் மக்கள் கொடுங்கோலுக்கு இயல்பாகவே பணிவர் என ஆசியரைப் பற்றி எழுதியவரும் இதே மாண்டெஸ்கியூதான். பிரபுக்களின் சிறப்புரிமைகளையும் அவர் வெறுத்தாரல்லர். அன்றியும், அவருடைய ஊர் அவர் சொல்லைக் கேட்கவில்லை. 1672 முதல் 1837 வரை போர்டோத் துறைமுகத்தினின்று ஏறத்தாழ 500 கப்பற் பயணங்கள் அடிமை வாணிகத்தின் பொருட்டுப் புறப்பட்டன. அவை கடல் கடத்திய ஆப்பிரிக்கர் 1,20,000 முதல் 1,50,000 வரையினர் என்பர். பிரான்சு 1794 இல் அடிமைமுறையை ஒழித்தது. 1802 இல் நெப்போலியன் அதனை மீட்டான். 1848 இலேதான் அது முற்றும் ஒழிந்தது. அந்நூல் வெளிவந்து அதற்குள் 100 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதன் பின்னரும் கரும்பு வெட்டக் கைகள் வேண்டியிருந்தன. 1853 தொட்டுப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஏற்றப்பட்டனர். அவர்கள் வெட்டிய கரும்பு, முன்பு அடிமைகள் வெட்டிய அதே கரும்பு. நம் முன்னோர் மலாயாவின் தோட்டங்களுக்கு ஒப்பந்தங் கட்டி வந்த கதையும் இதற்கு உடன்பிறப்பே.

ஆகவே இவ்விரு கோட்டைகளையும் காணச் செல்வோர் போர்டோவின் ஆற்றங்கரையையும் காண வேண்டும். அந்நகரத்துச் சகோதர வணிகர் விலைக்கு வாங்கிய மொதெஸ்த் தெஸ்தாஸ் என்னும் ஆப்பிரிக்கப் பெண்ணின் சிலை 2019 இல் அங்கே நிறுவப்பட்டது. கோபுரமும் நூல்நிலையமும் நல்லெண்ணம் பிறக்கும் இடத்தைக் காட்டுகின்றன. அவ்வெண்ணம் செயலாகும் வரை அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதைச் சிலை காட்டுகின்றது.

நம்மிடையேயும் சமத்துவம் பேசும் நூல்களுக்குக் குறைவில்லை, மேடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் தன் குழந்தைக்குப் பெயரிடும் நாளிலே, தான் தாழ்ந்தவன் என ஒதுக்கியவனை அழைத்து, அவன் கையிலே அக்குழந்தையைக் கொடுக்கத் துணிந்த தந்தையர் நம்முள் எத்தனை பேர்?