ஏவலை மீறிய இயந்திரம்

ஏவியதைச் செய்வதே இயந்திரத்தின் இயல்பு. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி திருகிய திசையில் பறந்ததேயன்றி, தன்மேல் அமர்ந்திருந்த விசயையின் துயரத்தை அது அறிந்ததில்லை. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்படுத்திய எந்திர யானையும் அத்தகையதே. அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருந்த வீரர்களின் கருத்தே அதன் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஜப்பானியச் சிறுவர்களின் உள்ளத்தைக் கவர்ந்த பேருருவ இயந்திர மனிதர்களும் முதலில் இந்த இனத்தைச் சேர்ந்தனவாகவே பிறந்தன. அவற்றுள் ஒன்று 1968ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மாலையில் தன் தலைவனின் ஆணையை மீறியது. 'ஜயண்ட் ரோபோ' என்னும் தொலைக்காட்சித் தொடரின் இறுதிப் பகுதி ஒளிபரப்பான நாள் அது.

இத்தொடரின் மூலக்கதையைப் படைத்தவர் மிட்சுதெரு யோகொயாமா என்னும் சித்திரக்கதை ஆசிரியர். 1934ஆம் ஆண்டு கோபே நகரில் பிறந்த அவர், போர்க்காலத்தில் வெளியூருக்கு அனுப்பப்பட்டிருந்தார். 1945இல் போர் முடிந்து திரும்பியபோது, அவர் விட்டுச் சென்ற நகரம் அங்கே இல்லை. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதைக் கரியாக்கியிருந்தன. வானத்திலிருந்து அழிவைக் கொட்டிய அந்த விமானங்களும், ஜெர்மனி ஏவிய வி-2 ஏவுகணைகளும், பின்னாளில் திரையில் கண்ட பிராங்கன்ஸ்டைன் கதையும் சேர்ந்தே தம் கற்பனையை உருவாக்கின என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆக்கியோனின் கையை விட்டு நழுவிய ஆற்றல் என்பது அவருக்கு ஏட்டில் படித்த செய்தி அன்று.

1956இல் 'ஷோனென்' என்னும் சிறுவர் இதழில் அவர் வரையத் தொடங்கிய 'டெட்சுஜின் 28' இந்த அனுபவத்தின் முதற்பெரும் விளைவு. இரும்பு மனிதன் இருபத்தெட்டு என்பது அப்பெயரின் பொருள். போரில் வெற்றி பெறுவதற்காக ஜப்பானியப் பேரரசுப் படை மறைவாகச் செய்வித்த ஆயுதம் அது. போர் முடிந்தபின் கண்விழிக்கிறது. 1942 முதல் 1945 வரை மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்டு, ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளரைச் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் சென்றதும் அதே படைதான். சிறுவர் கதைதானே என்று எளிதாகக் கடந்துவிட முடியாத இடம் இது.

அந்த இரும்பு மனிதனுக்கு அறிவும் இல்லை, அறமும் இல்லை. கைப்பெட்டி ஒன்றின் நெம்புகோல்களால் தொலைவிலிருந்து அது இயக்கப்பட்டது. பெட்டி நல்ல சிறுவனிடம் இருந்தால் அது காவலன். கள்வர் கையில் சிக்கினால் அதுவே கொலைக்கருவி. விளக்கை வைத்திருந்தவன் எவனோ அவனுக்கே அடிமையான அலாவுதீன் கதைப் பூதத்தை இங்கு ஒப்பிடலாம். கதையின் பரபரப்பெல்லாம் அந்தப் பெட்டியை யார் கைப்பற்றுவர் என்பதில்தான் இருந்தது. 

பத்தாண்டுகள் கழிந்தன. ஜப்பானில் தொலைக்காட்சி வீடுதோறும் புகுந்துவிட்டது. 1966இல் 'அல்ட்ராமேன்' பெற்ற வெற்றி, பேருருவ வீரனும் பூதவிலங்கும் மோதும் தொடர்களுக்குப் பெருங்கிராக்கியை உண்டாக்கியது. டோயெய் திரைப்பட நிறுவனமும் களத்தில் இறங்கியது. யோகொயாமாவின் கதையைக் கொண்டு அந்நிறுவனம் தயாரித்த 'ஜயண்ட் ரோபோ', 1967 அக்டோபரில் என்.இ.டி. நிலையத்தில் தொடங்கி, 26 பகுதிகளாக வண்ணத்தில் வந்தது. என்.இ.டி. என்பது ஜப்பானியக் கல்வித் தொலைக்காட்சி என்பதன் சுருக்கம். 1959இல் ஒளிபரப்பைத் தொடங்கிய அந்நிலையம், தன் நிகழ்ச்சிகளுள் பாதிக்கு மேற்பட்டவை கல்வி சார்ந்தவையாக இருக்கவேண்டும் என்ற உரிம நிபந்தனைக்கு உட்பட்டிருந்தது. கல்வி வளர்க்க எழுந்த நிலையம் பூதச் சண்டைக்குப் புகழ்பெற்றதை எண்ணினால் ஆசிரியப் பெருமக்களுக்குச் சிரிப்பு வரலாம். பின்னர் 1973இல் அது பொது நிலையமாக மாறி, 1977இல் ஆசாகி என்ற பெயரை ஏற்றது.

கதை ஒரு கப்பலில் தொடங்குகிறது. கடலடியில் மறைந்து வாழும் கில்லட்டின் பேரரசன் என்னும் வேற்றுலகத்தான், 'பி.எப்.' என்னும் கொடியோர் கூட்டத்தை வைத்து உலகை வெல்லக் கருதுகிறான். அவனுடைய பூதவிலங்கு கப்பலை மூழ்கடிக்கிறது. டைசாகு என்னும் சிறுவனும், யூனிகார்ன் என்னும் பன்னாட்டுக் காவற்படையைச் சேர்ந்த மினாமி என்னும் இளைஞனும் ஒரு தீவில் ஒதுங்குகின்றனர். அங்கேதான் சிறைப்பட்ட அறிஞர் ஒருவர், பகைவரின் வற்புறுத்தலால் இயந்திர மனிதனைச் செய்து முடித்திருக்கிறார். முப்பது மீட்டர் உயரம். ஐந்நூறு டன் எடை. எகிப்திய மன்னரின் சிலையை ஒத்த அசைவற்ற முகம். கைக்கடிகார வடிவிலான கருவியில் முதலில் பதியும் குரல் எவருடையதோ அவருக்கே அது பணியும். அறியாமலே டைசாகு அதில் பேசிவிடுகிறான். அத்தளத்தை அழிப்பதற்காக அறிஞர் வைத்த அணுகுண்டு வெடிக்க, அந்த ஆற்றலையே உண்டு இயந்திரம் எழுந்து நிற்கிறது. இரோசிமா, நாகசாகி அழிந்து இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில், குழந்தைகளின் தோழன் ஒருவனுக்கு அணுகுண்டே உயிர் கொடுத்தது என்று எழுதத் துணிவு வேண்டும்.

கைப்பெட்டிக்கும் இந்தக் குரலுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பெட்டியைத் திருடலாம், குரலைத் திருட இயலாது. ஆனால் இயந்திரத்தின் நிலையில் மாற்றம் ஒன்றும் இல்லை. ஆண்டவன் மாறவில்லை என்பதைத் தவிர, அது பழைய அடிமையே. வாரந்தோறும் புதிய பூதவிலங்கு வரும். சிறுவன் கடிகாரத்தை வாயருகே கொண்டுபோய் ஆணையிடுவான். இயந்திரம் விரல்களிலிருந்து ஏவுகணைகளைச் செலுத்தியோ, முட்டியால் குத்தியோ பகையை முடிக்கும். இப்பகுதிகளுள் பல ஒன்றைப்போலவே மற்றொன்று அமைந்தவை என்பதை மறைப்பதற்கில்லை. திரைக்கதை எழுதியோருள் முதன்மையானவரான மசாரு இகாமி விறுவிறுப்பில் வல்லவர். ஆயினும் வாரம் ஒரு வெற்றி என்ற சட்டத்துக்குள் அவருக்கும் இடம் குறைவாகவே இருந்தது. டைசாகுவாக நடித்த சிறுவன் மிட்சுநோபு கனெகோவின் முகத்தில் தெரிந்த உண்மையான நட்பு உணர்ச்சியே அந்த வாரங்களைத் தாங்கி நின்றது எனலாம்.

இறுதிப் பகுதியில் கில்லட்டின் பேருருவம் கொண்டு நேரில் வருகிறான். அவன் உடல் முழுதும் அணு ஆற்றல். தாக்கினால் அவன் வெடிப்பான். உலகமும் உடன் அழியும். ஆணையிடுவதற்குரிய சொல் எதுவும் சிறுவனிடம் இல்லை. போர் செய் என்றால் உலகம் அழியும். நில் என்றால் உலகம் அடிமைப்படும். அவ்வேளையில், எவரும் ஏவாமலே, இயந்திரம் தானாக அசைகிறது. பகைவனைப் பற்றிக்கொண்டு விண்ணில் எழுகிறது. திரும்பி வா என்று சிறுவன் கடிகாரத்தில் கதறுகிறான். அதுவரை அவன் குரல் ஒன்றையே கேட்டு நடந்த இயந்திரம், அந்தக் குரலை மறுத்து மேலே செல்கிறது. விண்கல் ஒன்றில் மோதி இருவரும் மறைகின்றனர்.

அணுகுண்டால் பிறந்தது, இன்னோர் அணுகுண்டைச் சுமந்துகொண்டு அழிந்தது. இந்த அமைப்பு தற்செயலன்று என்று கொள்ளவே தோன்றுகிறது. அதைவிட முக்கியமானது அந்த மறுப்பு. இத்தொடரை உருவாக்கிய தலைமுறையினர் பள்ளியில் பயின்ற காலத்தில், 1890ஆம் ஆண்டின் பேரரசக் கல்விக் கட்டளையே ஒழுக்கப் பாடத்தின் உயிராக இருந்தது. நெருக்கடி நேர்ந்தால் நாட்டுக்காகத் தன்னை ஈந்து அரியணையைக் காக்கவேண்டும் என்று அது கற்பித்தது. 1948இல்தான் நாடாளுமன்றம் அதைச் செல்லாததாக்கியது. ஆணைப்படி உயிர் துறப்பதே பேரறம் என்று கற்ற பிள்ளைகள் வளர்ந்து, ஆணையை மீறி உயிர் துறக்கும் ஒரு பொம்மையைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டினர். தியாகம் என்ற பழைய சொல் அப்படியே இருக்கிறது; ஆனால் அதைச் செய்யச் சொன்னவர் எவரும் இல்லை.

தொடர் விரைவில் கடல் கடந்தது. அமெரிக்காவில் 1969இல் ஆங்கிலக் குரலோடு வெளியானபோது டைசாகு 'ஜானி சாக்கோ' ஆனான். சில பகுதிகளை வெட்டி ஒட்டி 1970இல் ஒரு முழுநீளப் படமும் செய்தனர். 1980களில் இந்தியாவின் தூர்தர்ஷனிலும் அது இடம்பெற்றது. 

இயந்திரத்தின் உள்ளே மனம் இருக்கக்கூடும் என்று 1968 எழுப்பிய ஐயத்தை, அதே டோயெய் நிறுவனமும் அதே நிலையமும் 1972இல் வெளிப்படையான வினாவாக்கின. ஷொடாரோ இஷினோமோரி படைத்த 'கிகைடர்' தொடரின் நாயகனான ஜிரோ மனித வடிவ இயந்திரம். ஒரு பாதி நீலம், மறுபாதி சிவப்பு. அவனைச் செய்த அறிஞர் அவனுள் மனச்சான்றுச் சுற்று ஒன்றைப் பொருத்தினார். அதை முழுமையாக்கும் முன்பே பிரிய நேர்ந்தது. ஆகவே கொடியோன் கில் புல்லாங்குழல் ஊதும்போதெல்லாம் ஜிரோ தலையைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவான். வேறோர் ஓசை எழுந்து குழலோசையை மூழ்கடித்தால்தான் அவனுக்கு மீட்சி. ஆணை இப்போது கைப்பெட்டியிலும் இல்லை, கடிகாரத்திலும் இல்லை. காதின் வழியே நெஞ்சுக்குள் புகுந்துவிட்டது.

தொலைக்காட்சியில் 43 பகுதிகளுக்குப் பின் ஜிரோ வென்றான். இஷினோமோரி தாமே வரைந்து 1974இல் முடித்த சித்திரக்கதையோ அவ்வளவு எளிதாக அவனை விடவில்லை. அதில் பகைவர் அவனுக்குக் கீழ்ப்படிதல் சுற்று ஒன்றைப் பொருத்துகின்றனர். அது மனச்சான்றை அழிக்கவில்லை. பொய் சொல்லவும் கொல்லவும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறது. பணிந்தவன்போல் நடித்துப் பகைவனை வீழ்த்தும் ஜிரோ, அடிமைப்பட்டுவிட்ட தன் இயந்திர உடன்பிறப்புகளையும் தன் கையாலேயே அழித்துவிட்டுத் தனியே நடந்து செல்கிறான். மனிதனாக விரும்பிய மரப்பொம்மை பினோக்கியோவின் கதையோடு நூலைத் தொடங்கிய இஷினோமோரி, மனிதனாகிவிட்ட அவன் மகிழ்ச்சியாக இருந்தானா என்று கேட்டு நூலை முடித்துவிடுகிறார்.