பெட்ரோல் டேங்கின் வாய் ஏன் குறுகலாக இருக்கிறது?



விடுமுறையில் வெளிநாடு போய் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் நம்மில் இப்போது பலர். பல நாடுகளில் பங்க்கில் ஆள் வந்து போடமாட்டார்; நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போது உதவக்கூடிய ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

1921 டிசம்பரில், அமெரிக்காவின் டேட்டன் நகரில், தாமஸ் மிட்ஜ்லி ஒன்றைக் கண்டுபிடித்தார். பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் எஞ்சின் இடிப்பது நின்றுவிடும். 1923-ல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சி ஆலையில் தொழிலாளர் ஐவர் ஈய நஞ்சால் இறந்தனர். விற்பனையைச் சிறிது காலம் நிறுத்திவைத்து, மறுபடி தொடங்கிவிட்டார்கள். பிறகு பல பத்தாண்டுகள் உலகமெங்கும் குழந்தைகள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். ஈயம் முதலில் கெடுப்பது குழந்தைகளின் மூளையைத்தான்.

1975-ல் அமெரிக்கக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. ஈயம் பட்டால் அது கெட்டுவிடும். அதனால் ஈயப் பெட்ரோல் குழாய் நுழையாதபடி புதுக் கார்களில் டேங்கின் வாயைக் குறுக்கினார்கள். ஈயமில்லாப் பெட்ரோல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 1995-ல் வந்தது; நாடு முழுவதும் 2000-ல். கடைசியாக 2021-ல் அல்ஜீரியாவும் ஈயத்தைக் கைவிட்டது.

ஈயம் போய்விட்டது, குறுகிய வாய் நின்றுவிட்டது. டீசல் குழாய் பெரும்பாலும் தடிமனானது என்பதால் பெட்ரோல் கார் டேங்கில் நுழையாது. ஆனால் டீசல் காரின் அகன்ற வாயில் பெட்ரோல் குழாய் தாராளமாக நுழையும். ஐரோப்பாவில் வாடகைக்குக் கிடைப்பவற்றில் டீசல் கார்களும் உண்டு. ஆபத்து அங்கேதான்.

பெயரை நம்பாதீர்கள். அமெரிக்கர்கள் பெட்ரோலை 'கேஸ்' என்பார்கள். ஸ்பெயினில் 'கசோலினா' பெட்ரோல், 'கசோலியோ' டீசல். நிறத்தையும் நம்பாதீர்கள். பிரிட்டனில் பச்சைக் குழாய் பெட்ரோல். அமெரிக்காவில் பல இடங்களில் பச்சை என்றால் டீசல். எண்ணும் அப்படித்தான். ஆக்டேன் எண்ணை அமெரிக்காவில் வேறு முறையில் கணக்கிடுகிறார்கள். அவர்களுடைய 87 ஏறக்குறைய ஐரோப்பாவின் 91-க்குச் சமம்.

2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுக் குறியீடு வந்துவிட்டது. வட்டம் என்றால் பெட்ரோல், சதுரம் என்றால் டீசல். வட்டத்துக்குள் 'இ10' என்று இருந்தால் எத்தனால் 10 சதவீதம் வரை கலந்திருக்கலாம் என்று பொருள்.

காரை எடுக்கும்போதே டேங்க் மூடியின் உட்புறத்தைப் படியுங்கள், செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தவறிப்போய் மாற்றிப் போட்டுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். எஞ்சினை ஓடவிடாத வரை பெரும்பாலும் டேங்க்கைக் காலி செய்தால் போதும்; ஓடவிட்டால் செலவு பல மடங்கு. வாடகைக்குக் கொடுத்தவர்களை உடனே கூப்பிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், உங்கள் ஊர்ப் பங்க்கில் என்ன பெயர், என்ன நிறம் என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.