மக்காச்சோளத்தின் உடலியங்கியலும் விளைச்சலும்

மக்காச்சோளம் புல் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுத் தானியப் பயிர். தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் பரவலாக விளைகிறது. மகசூலில் பெரும்பங்கு நாமக்கல், பல்லடம் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகிறது. பெரம்பலூர்க் கரிசலில் இது புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கும் மானாவாரிப் பயிர். விதைப்பு முதல் அறுவடை வரை எல்லாப் பருவமும் முக்கியந்தான். ஆனால் பூக்கும் நாட்களில் ஏற்படும் குறையைப் பின்னால் எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது.

இது சி4 வகைத் தாவரம். இலை நரம்புகளைச் சுற்றியுள்ள உறைச் செல்களில் கரியமில வாயுவைச் செறிவாகச் சேர்த்து, அங்கேயே சர்க்கரை தயாரிக்கிறது. வெப்பம் ஏறும்போது நெல்லுக்கு ஒளிச்சுவாசத்தால் நேரும் இழப்பு இதற்கு மிகக் குறைவு. நல்ல வெயிலில், நெல்லைவிடக் குறைந்த நீரில் விறுவிறுவென வளர்வது இதனால்தான்.

தேங்கிய தண்ணீர் மட்டும் ஆகாது. நெல் வேரில் உள்ள காற்றறைகள் இதன் வேரில் போதிய அளவு உருவாவதில்லை. ஏறக்குறைய ஆறு இலை விடும்வரை வளர்நுனியும் மண்ணுக்குள்ளேயே இருக்கும். அடைமழையில் சில நாள் தண்ணீர் நின்றாலே இளம்பயிர் மஞ்சளித்து மடியும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஏரிப்பாசன வயல்களில் நெல் செழிப்பதும், மக்காச்சோளம் வடிகாலுள்ள மேட்டுநிலத்தைக் கேட்பதும் இந்த வேர் வேறுபாட்டால்.

செடியின் உச்சியில் ஆண் பூங்கொத்து. நடுத்தண்டில், இலைக்கணுவில் பெண் கதிர். கதிருக்குள் ஒவ்வொரு சூலிலிருந்தும் ஒரு பட்டிழை நீண்டு உறைக்கு வெளியே வருகிறது. ஓர் இழை மகரந்தம் பெற்றால்தான் ஒரு மணி. அடிப்பாகத்து இழைகள் முதலிலும் நுனி இழைகள் கடைசியிலும் வெளிப்படும். இழை நீளத் தண்ணீர் வேண்டும். மண் காய்ந்திருந்தால் ஆண் பூ தன் நாளில் மகரந்தத்தை உதிர்த்துவிடும், இழையோ பிந்திப்போகும். அப்படிப்பட்ட கதிரை உரித்தால் நுனி மொட்டையாகவும் வரிசைகள் இடைவிட்டும் இருக்கும். மெக்சிகோவிலுள்ள சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையம், மகரந்தம் உதிர்வதற்கும் இழை வெளிவருவதற்கும் இடையிலான நாள் இடைவெளி குறுகிய செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வறட்சி தாங்கும் திறனை உயர்த்தியது.

நெல் தூர் கட்டி இழப்பை ஓரளவு ஈடுகட்டும். மக்காச்சோளத்துக்குப் பெரும்பாலும் ஒரு தண்டு, ஒரு கதிர். ஆகவே கிணற்றில் ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் தண்ணீர் இருக்கிறதென்றால், அதைப் பூவெடுக்கும் தருணத்துக்கு வைத்திருப்பதே சரி. பயிர் எண்ணிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். நெருக்கி நட்டால் நிழல் விழுந்து, அதனாலும் இழை பிந்தும். வீரிய ஒட்டு ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 60க்கு 25 செ.மீ. இடைவெளியைப் பரிந்துரைக்கிறது.

மணியில் ஏறும் மாவின் பெரும்பகுதி, பூத்த பிறகு இலைகள் தயாரிப்பது. துத்தநாகம் குறைந்து குருத்து வெளுத்தாலும், 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு குருத்தை அரித்தாலும் அந்த இலைப்பரப்பே குறைகிறது. மணியின் அடியில் கரும்படலம் தோன்றியதும் மாவு ஏறுவது நின்றுவிடும். அப்போதும் மணியில் 30 முதல் 35 சதவீதம் வரை ஈரம் இருப்பதால், கதிரைச் செடியிலேயே காயவிட்டுப் பிறகு ஒடிக்கிறார்கள்.