கால் ஒடிந்த குஞ்சும் கருணையின் வரலாறும்

கொல்லாமை சமணரின் தலையாய அறம் என்பதை உலகம் அறியும். ஆயினும் அவ்வறம் கொல்லாதிருத்தல் என்னும் அளவில் நின்றுவிடுவதன்று. நொந்த உயிரைக் கையில் ஏந்தி, அதன் நோய் தீர்த்து, மீண்டும் அதன் வழியில் விடும் வரையில் நீள்வது அது. இதனை ஏட்டில் எழுதி வைத்ததோடு அமையாமல், காலொடிந்த கோழிக்கும் புறாவுக்கும் மருந்தகம் அமைத்து நடத்திக் காட்டிய வரலாறு நம் சமயத்தாருக்கு உண்டு.

கோழி என்றவுடன் தமிழ்ச் சமணர் நெஞ்சில் முதலில் தோன்றுவது யசோதர காவியமே. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூலில், உஞ்சை நகர் மன்னன் யசோதரன் தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி, உயிருள்ள கோழிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். அங்கே குருதி சிந்தவில்லை. எனினும் கொல்லும் எண்ணம் இருந்தது. அவ்வினையால் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, இறுதியில் கோழிகளாகவே பிறக்கின்றனர். அப்பிறவியில் முனிவரின் அறவுரை கேட்டுத் தெளிந்து, யசோமதி மன்னன் எய்த அம்பால் மாண்டு, அபயருசி, அபயமதி என்னும் மானிடராய்ப் பிறக்கின்றனர். 'அபயம்' என்பது அஞ்சேல் என அளிக்கும் அடைக்கலம். கோழிப் பிறவியிலிருந்து கரையேறிய இருவரும் அப்பெயரைத் தாங்கி நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

சமண நூல்கள் இல்லறத்தார்க்கு உரிய தானங்களை நான்காக வகுத்தன. உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்பன அவை. மருந்தும் அபயமும் ஒன்றையொன்று தழுவியவை. அடைக்கலம் தந்து நோயைத் தீர்க்காது விடுவதும், நோயைத் தீர்த்துப் பின் துன்பத்தில் தள்ளுவதும் குறையுடைய தானங்களே. விலங்குகட்கு மருத்துவம் செய்தல் இம்மண்ணின் பழைய அறம் என்பதற்கு அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டும் சான்றாகும். கி.மு. 3ஆம் நூற்றாண்டினதாகிய அது, மக்களுக்கும் விலங்குகளுக்கும் எனத் தனித்தனியே மருத்துவ ஏற்பாடு செய்யப்பெற்றதையும் மூலிகைகள் நடப்பெற்றதையும் கூறுகிறது; சோழர், பாண்டியர் நாடுகளையும் அவ்விடத்தில் பெயர் சுட்டிக் குறிக்கிறது.

இவ்வறம் நிறுவனமாய் வளர்ந்த இடம் குசராத்து. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா வந்த ஆங்கிலேயர் ரால்பு பிட்ச், முடமான நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் அங்கே மருந்தகங்கள் இருந்ததை எழுதியுள்ளார். 1623இல் காம்பே நகருக்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, பறவை மருந்தகம் ஒன்றை நேரில் கண்டு விரிவாக வரைந்தார். சேவல், கோழி, புறா, மயில், வாத்து முதலியன நோயுற்றும் முடமாகியும் துணை இழந்தும் அங்குப் பேணப்பட்டன. நலம் பெற்றபின் காட்டுப் பறவைகள் பறக்கவிடப்பட்டன. வீட்டுப் பறவைகள் அறவோர் இல்லங்களில் ஒப்படைக்கப்பட்டன. தாயற்ற சுண்டெலிக் குஞ்சுகளைப் பஞ்சில் கிடத்தி, மூக்குக் கண்ணாடி அணிந்த நரைத்தாடி முதியவர் ஒருவர் பறவை இறகால் பால் புகட்டியதையும் அவர் கண்டார். வளர்ந்தபின் அவற்றை விரும்பிய இடம் செல்ல விட்டுவிடுவதே அம்முதியவரின் எண்ணம்.

பிற்காலத்தில் இத்தகைய காப்பிடங்கள் 'பாஞ்சராப்போல்' எனப் பெயர் பெற்றன. பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்து 1832இல் கலகம் மூண்டது. அதன்பின் 1834இல் பார்சி வள்ளல் ஜம்செட்ஜி ஜீஜீபாயும் சமண, இந்து வணிகர்களும் துணைநிற்க, அந்நகரில் பாஞ்சராப்போல் தோன்றியது. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பரச் செங்கோயில் வளாகத்தில் இன்றும் பறவை மருத்துவமனை இயங்குகிறது. பட்டத்தின் மாஞ்சா நூலில் சிறகு அறுந்தவையும் மின்விசிறியில் அடிபட்டவையும் அங்கே கொண்டுவரப்படுகின்றன. நலம் பெற்றவை கோயிலின் மேல்தளத்திலிருந்து பறக்கவிடப்படுகின்றன. ஊன் உண்ணும் பறவைகள் உள்நோயாளிகளாய்ச் சேர்க்கப்படுவதில்லை. ஆயினும் மருந்திடாமல் திருப்பி அனுப்பப்படுவதுமில்லை. அறத்தின் இரு கட்டளைகள் ஒன்றோடொன்று மோதும்போது பெரியோர் கண்ட வழி அது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கொல்லாமை அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றல், உணவு நீர் மறுத்தல் என்பவற்றை நூல்கள் கூறும். அவ்வாறாயின் ஒடிந்த காலுக்குக் கட்டுப்போடுதல் குற்றமாகுமா? ஆகாது. துன்புறுத்தக் கட்டுவது வேறு. துன்பம் தீர்க்கக் கட்டி, தீர்ந்ததும் அவிழ்ப்பது வேறு. ஆனால் அக்கட்டு குற்றமாய் மாறிவிடாதிருக்கக் கருணையுடன் அறிவும் வேண்டும்.

அடிபட்ட குஞ்சை முதலில் பிற கோழிகளிடமிருந்து பிரித்து, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தல் நன்று. மற்றவை அதன் புண்ணைக் கொத்தும். வழுவழுப்பான தாளை விரிக்காமல் சொரசொரப்பான துணியை விரிக்கவேண்டும். வழுக்கும் தரையில் இளங்குஞ்சின் கால்கள் இருபுறமும் அகன்றுவிடும். உணவும் நீரும் எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். கையில் எடுக்கும்போது மார்பை அழுத்தலாகாது. மார்பெலும்பு அசைந்தால்தான் பறவை மூச்சுவிட இயலும். சிம்பு வைத்துக் கட்டினால் பஞ்சு பொதிந்து தளர்வாகக் கட்டி, விரல்கள் வீங்கினவா, குளிர்ந்தனவா என நாள்தோறும் பார்க்கவேண்டும். இளம்பறவையின் எலும்பு இரண்டு மூன்று வாரங்களில் கூடிவிடும்; அதற்குமேல் கட்டை நீட்டித்தால் கால் விறைத்துப்போகும். எலும்பு வெளியே தெரியுமாயின் தாமதியாது கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதே முறை. மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளைத் தாமாகக் கொடுத்தல் தீங்காகும்.

சமணர் இல்லங்களில் கோழி வளர்ப்பதில்லை. ஆயினும் சிற்றூர்களில் அயல்வீட்டுக் குஞ்சு வண்டியில் அடிபட்டோ பருந்தின் பிடியிலிருந்து நழுவியோ நம் முற்றத்தில் வந்து விழுதல் உண்டு. 'நம்முடையதன்று' என்று கதவைச் சாத்தினால் கொலைப்பாவம் சேராதிருக்கலாம், அபயதானம் நிறைவேறாது. மாக்கோழியை வெட்டியதற்கே வருந்திய காப்பியத்தைப் போற்றும் சமுதாயம் உயிர்க்கோழியின் ஒடிந்த காலைக் கண்டும் காணாதிருத்தல் தகுமோ? நரைத்தாடி முதியவரின் கையில் இருந்தது ஓர் இறகும் சிறிது பாலுமே. அவ்வளவு எளிய பொருள்கள் நம் இல்லம் ஒவ்வொன்றிலும் உள்ளன. அவற்றை எடுத்து நீட்டும் கைகளை இளையோரிடம் வளர்ப்பதே இவ்விழாவின் பயனாகுக.