பேர் வெட்டிய குடம்

சுரண்டையில் பாத்திரக் கடைக்குப் போனால், பில் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: “பேர் வெட்டணுமா?” பேரும் தேதியும் விழுந்ததும் கடைத் தூக்குவாளி இன்னார் வீட்டுச் சீராகிவிடும்.

டாடாக்காரர்களின் வேலையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. 1917இல் நியூயார்க்கில் மார்செல் துஷாம்ப், கடையில் வாங்கிய பீங்கான் மூத்திரக் கோப்பையைச் சாய்த்துவைத்து, ‘ஆர். மட், 1917’ என்று எழுதி, ‘நீரூற்று’ எனப் பேரிட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். ஆறு டாலர் கட்டினால் யாரும் பங்கேற்கலாம் என்றிருந்தவர்கள் அதை மட்டும் வைக்க மறுத்தார்கள். 1921இல் பாரிஸில் மான் ரே, இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஆணிகளை வரிசையாக ஒட்டினார். தேய்த்தால் துணி கிழியும். தலைப்பு, ‘பரிசு’!

இரண்டின் அசலும் இன்று இல்லை. இஸ்திரிப் பெட்டி கண்காட்சி நாளிலேயே காணாமல் போனது. யாரும் பெரிதாக அழவில்லை. அசல் போனால் என்ன, யோசனை இருக்கே! பின்னாளில் துஷாம்ப் ஒப்புதலோடு செய்த ‘நீரூற்று’ பிரதிகள்தான் இப்போது மியூசியங்களில் இருக்கின்றன.

பிகாரில் பிறந்த சுபோத் குப்தா, 2006இல் எவர்சில்வர் பாத்திரங்களைக் கொண்டே ஒரு பிரம்மாண்ட மண்டையோடு செய்தார். படத்தைப் பெரிதாக்கி, எதிலாவது பேர் வெட்டியிருக்கா என்று தேடினேன். பழக்கதோஷம்.

ஆச்சியின் பித்தளைக் குடத்தில் பேரும் வருஷமும் புள்ளிபுள்ளியாக இருந்தன. அடி ஓட்டையானதும் நான்தான் எடைக்குப் போட்டேன். “ஏம்ல போட்ட?” என்று ஒரே தடவைதான் கேட்டாள். அதே அளவுக் குடம் இப்பவும் கிடைக்கும். பேரும் வெட்டித் தருவார்கள். எந்த வருஷத்தைப் போடச் சொல்வது?